யானை முதுகில் ஓர் ஒட்டு

ஏசியைக் குறைத்ததற்கு நன்றி. சளி பிடித்தால் எனக்குக் குரல் கட்டிக்கொள்ளும். நான் சொல்வது மொழிபெயர்ப்பாளர் கௌஸ் முகம்மது பாய்க்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். அவர் அரபியில் சொல்வதைத்தானே போலீஸ் அதிகாரி எழுதிக்கொள்கிறார்.

என் பெயர் பாஸ்கர். சென்னையில் கல்லூரியில் வரலாறு நடத்தினேன். ஒன்பது வருடமாக அபுதாபியில் ஒரு செல்வந்தரின் சொந்தச் சேகரிப்பைக் கவனிக்கிறேன். அரசர்கள் வழங்கிய விருதுகளை அவர் வாங்குவார். அவற்றின் வரலாற்றை எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

டென்மார்க்கின் யானை விருதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வேர் கொண்டது. 1693இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அரசர் அதற்குச் சட்டம் வகுத்தார். தங்க யானை, மேலே வெள்ளை எனாமல், முதுகில் ஒரு கோட்டை, கழுத்தில் ஒரு பாகன். பெற்றவர் இறந்தால் அரசரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் வெளியில் ஒன்று அகப்படுவது அபூர்வம்.

எங்களுக்கு அகப்பட்டது. ஒரு தூதரின் விதவை அதைத் திருப்பித் தராமல் ஒளித்து வைத்த கதையை நாற்பது பக்கம் எழுதினேன். புத்தகமாக அச்சாக இருந்தது. முதலாளி விருந்தினர்களைக் கூட்டி என்னைப் பேச வைத்தார். கைதட்டினார்கள்.

அருள்முருகன் அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு பட்டறையில் நகை வேலை செய்கிறவன். மானாமதுரைப் பக்கத்துக்காரன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பதக்கங்களைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு நாள் வருவான். நான் சொன்னதை ஒருநாளும் மறுத்ததில்லை. அதனால் அவனை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினான். கோட்டை யானையின் முதுகில் சேரும் இடத்தைக் காட்டினான். மீன் செதில் போல வரிசையாகப் புள்ளிகள்.

“இது அந்தக் காலத்துல மாதிரி பொடி வச்சு ஊதுன ஒட்டு இல்ல சார். லேசர் வெல்டு. எங்க பட்டறையிலயே இந்த மிஷின் கிடக்கு. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முந்திதான் செஞ்சிருப்பாங்க.”

பின்னால் பழுது பார்த்திருக்கலாமே என்றேன். எனாமலுக்கு அடியிலும் அதே ஒட்டு போகிறது, எனாமல் பூசும் முன்பே போட்டது என்றான். நான் பார்த்தேன். போனது.

பேசாமல் இருந்துவிடு என்றேன். முடியாது என்றான். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால், சுத்தம் செய்தவன் அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டான் என்று தன் தலையில்தான் விடியும் என்றான். நியாயமான பயம்தான். வியாழக்கிழமை முதலாளி லண்டனிலிருந்து வருவதாக இருந்தது. அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: “நீங்களே கண்டுபிடிச்சதா சொல்லிருங்க சார். என் பேரு வேணாம். படிச்சவங்க நீங்க, உங்களுக்கு ஒரு கொறச்சல் வரக் கூடாது.”

இதை அதிகாரிக்கு நன்றாக விளக்குங்கள், பாய். அவன் என்னை மிரட்டவில்லை. எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டான்.

எங்கள் பாதுகாப்பு அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டார்கள், பொருள்கள் கெட்டுவிடும். ஒரு வாயு வந்து காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தீயும் அணையும், உள்ளே இருப்பவருக்கும் மூச்சு இருக்காது. எச்சரிக்கை அரபியிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதியிருக்கிறது.

வியாழன் மதியம், முதலாளி வரும்வரை யானையை உள்ளே வைத்துவிட்டு வா என்று அவனை அனுப்பினேன். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வெளிச் சுவரில் இருந்த தீ விபத்துக்கான பொத்தானை அழுத்தினேன். மணி அடித்தது. அவன் கதவைத் தட்டினான். “சார், கதவு மாட்டிக்கிச்சு” என்றான். திறப்பேன் என்று நம்பித்தான் தட்டினான். அவன் கூப்பிட்டதெல்லாம் என்னைத்தான். மணி ஓயும்வரை நான் அங்கேயே நின்றேன், பிறகு தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.

உள்ளே இருந்த பொத்தானை அவனே தெரியாமல் அழுத்திவிட்டான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். சவத்தை ஊருக்கு அனுப்பும் காகிதங்களை நான்தான் அலைந்து முடித்தேன். அவன் மனைவி கனகாவிடம் போனில் பேசினேன். கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் ஒரு நல்ல மனுஷராக நீங்க இருந்தீங்களே என்று அழுதாள். ஆறுதல் சொன்னேன். உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து முதலாளி ஐரோப்பாவிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அந்த அம்மாள் யானையைத் திருப்பிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகவில்லை, போலி என்றார். முதலாளிக்குக் கோபமே வரவில்லை. “கலாஸ்”, போனது போகட்டும் என்று சிரித்துவிட்டு, அதை வேறு அலமாரிக்கு மாற்றச் சொன்னார். அவ்வளவுதான். நான் அஞ்சியது இதற்குத்தான்.

ஆனால் அந்த அம்மாள் அறிக்கை எழுதினார். பொருளின் வரலாற்றை எழுதியவர் ஏமாந்துவிட்டார், அடிப்படைப் பரிசோதனைகூட அவருக்குத் தெரியவில்லை என்று அதில் ஒரு வரி. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் நானே இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை; அது உங்களுக்கே தெரியும்.

அருள்முருகனை நான்தான் கொன்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அறிக்கையிலுள்ள அந்த வரியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அந்த ஒட்டை முதலில் கண்டுபிடித்தவன் நான். அப்படிச் சொல்லிக்கொள்ள அவனே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறான்.