தைலம் தேய்த்து வரக் கூடாது

…அந்தப் போர்டைப் பாத்தியளா அண்ணாச்சி? 'தைலம் தேய்த்து வரக் கூடாது.' செவப்பு எழுத்துல! எனக்காகவே எழுதித் தொங்கவிட்டிருக்கான். போன மாசம் வரைக்கும் அந்தச் செவத்துல ஒரு எலும்புக்கூடு படம்தான் கெடந்துச்சு. ரெண்டு தடவை இந்த பிசியோதெரபி வராந்தாவுல உக்காந்து நாலு பேரு முட்டிக்குத் தேச்சுவிட்டேன், மூணாம் தடவை வாரேன், போர்டு! உபகாரம் பண்ணுனவனுக்கு மரியாதையப் பாருங்க… உங்களுக்கு எந்த முட்டி? வலதா? ரெண்டுமா! அல்லாவே. காலைக் கொஞ்சம் நீட்டுங்க, யாரும் பாக்கல… வேண்டாமா? சரி, சரி. பாட்டிலை மட்டும் கையில வச்சுக்கிடுங்க. மோந்து பாத்தாலே பாதி வலி போயிரும். ஷார்ஜா சரக்கு. இருவத்திரெண்டு வருசம் அங்கன கெடந்துட்டு விசாவை கேன்சல் பண்ணிட்டு வந்தவன்ட்ட வேற என்ன இருக்கும்? இந்தத் தைலம் ஒரு டஜன், சுகர், அப்புறம் ஒரு மக.

அவளைத்தான் உள்ள விட்டிருக்காங்க. நிலோஃபர். கேக்குதா அந்தச் சத்தம்? தொம்… தொம்… அது அவதான். ஒத்தக் கால்ல குதிச்சுச் சாடணுமாம். நல்ல கால்ல எவ்வளவு தூரம் சாடுதாளோ, கெட்ட கால்லயும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் சாடணும். அப்பத்தான் மறுபடி வெளையாடலாம்னு கடுதாசி குடுப்பாங்க. இப்ப ஒண்ணு லேசாக் கேட்டுச்சே? அது எடது காலாத்தான் இருக்கும். உங்களுக்கும் லேசாத்தான கேட்டுச்சு?

வயசு இருவது. பாளையங்கோட்டையில காலேஜு, கடைசி வருசம். கோ-கோ ஆடுதா. சிரிக்காதிய. நானும் சிரிச்சவன்தான். ஷார்ஜாவுல ரூம்ல ஆறு பேரு. ஒருத்தன் மக டாக்டருக்குப் படிக்கா, ஒருத்தன் மக கம்ப்யூட்டரு. என்ட்ட கேட்டா 'பி.காம்'னு சொல்லிட்டு வாயை மூடிக்கிடுவேன். மேலப்பாளையத்துப் பிள்ள தலையில துணியைக் கெட்டிக்கிட்டு மைதானத்துல ஓடுதான்னு எப்படிச் சொல்ல? போன்லயே ரெண்டு மாசம் சண்டை. அப்புறம் என் வீட்ல, ரைஹானத்து, ஒரு வீடியோ அனுப்புனா. அண்ணாச்சி… ஒரு பிள்ள தூண்கிட்ட வந்து, அப்படியே பறந்து போயி, முன்னால ஓடுதவ குதிங்காலைத் தொட்டுச்சு. யாருடா இதுன்னு பாத்தா எம் பிள்ள! அன்னையில இருந்து நான் ஆளே மாறிட்டேன். ரூம்ல, பள்ளிவாசல்ல, பஸ்ல… எல்லாவனுக்கும் அந்த வீடியோதான். நான் போனை எடுக்கதுக்கு முந்தி அவனுவ செருப்பை மாட்டுவானுவ.

ஆட்டம் தெரியும்லா உங்களுக்கு? ரெண்டு தூணுக்கு நடுவுல எட்டுப் பேரு வரிசையா குத்தவச்சு உக்காந்திருப்பாங்க. தானா எந்திரிக்கக் கூடாது. வெரட்டிட்டு வாரவ பின்னாடி வந்து முதுகுல தட்டி 'கோ'ன்னு சொல்லணும். அப்பத்தான் எந்திரிச்சு ஓடலாம். முட்டியைக் கெடுக்கதுக்குன்னே எவனோ உக்காந்து யோசிச்ச ஆட்டம். குத்தவை, எந்திரி, ஓடு, சாடு, திரும்பு. மொத வருசம் தூண்ல திரும்பயில எடது முட்டியில 'டப்'புன்னு ஒரு சத்தம். ஜவ்வு அந்துபோச்சு. தொடையில இருந்து ஒரு நாரை எடுத்து அங்கன வச்சுக் கெட்டுனாங்க. பத்து மாசம்! அழுதாளான்னா கேக்கிய? அவ எங்க அழுதா. நான்தான் வீடியோ கால்ல அழுதேன். 'வாப்பா, போனை நேரா பிடிங்க, மூக்கு மட்டும்தான் தெரியுது'ங்கா.

ரெண்டாவது தடவை… அதை விடுங்க.

உள்ள 'சிவசண்முகம்'னு கூப்பிட்டாங்களே, நீங்களா? அட உக்காருங்க அண்ணாச்சி, மூணு தடவை கூப்பிடுவாங்க. மொதத் தடவைக்கே எந்திரிச்சு ஓடுனா நமக்கு என்ன மதிப்பு?

இப்ப என் பாடு என்னன்னா, இந்தப் பிள்ள வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கா. திரும்ப ஆடணுமா, வேண்டாமா? டாக்டர்ட்ட கேட்டேன். 'ஆடலாம், ஆடாமலும் இருக்கலாம்'னாரு. இதைச் சொல்லதுக்கு எத்தனை வருசம் படிச்சாரோ! மறுபடியும் ஜவ்வு அந்துபோனா என்ன சார் ஆகும்னேன். 'நாப்பது வயசுல இந்த மாதிரி ஆயிரும்'னு என் முட்டியைக் காட்டுதாரு. லில்லி டீச்சர்ட்ட கேட்டேன், அவங்கதான் அங்கன வெளையாட்டுக்கு டீச்சரு, 'அவளே முடிவு பண்ணட்டும்'ங்காங்க. ரைஹானத்து துஆ செய்யுதா, என்னத்தக் கேட்டுச் செய்யுதான்னு சொல்ல மாட்டேங்கா. இன்னைக்கு நாலு மணிக்குள்ள ஃபாரம் காலேஜுக்குப் போகணும். போகலைன்னா பட்டியல்ல பேரு இல்ல, அதோட அவ ஆட்டம் முடிஞ்சு. இவளானா, 'பாக்கலாம் வாப்பா'ங்கா. திங்கக்கெழமையில இருந்து பாக்கலாம், பாக்கலாம். என்னத்தப் பாக்க?

நான் யோசனை சொல்லலையான்னு கேக்கியளா? சொல்லாம இருப்பனா! செவ்வாக்கெழமை, 'வேண்டாம்மா, படிப்பை முடி'ன்னேன். 'சரி'ன்னா. அந்தச் 'சரி' சொன்ன மூஞ்சியை என்னால பாக்க முடியல. புதங்கெழமை, 'ஆடும்மா, பயந்தா ஆச்சா'ன்னேன். அதுக்கும் 'சரி'ங்கா. அந்தச் 'சரி' அதைவிட மோசம். வெயாழக்கெழமை ஒண்ணும் சொல்லல. எனக்கு அன்னைக்குத் தொண்டை கெட்டிருந்துச்சு.

என்ன அப்படிப் பாக்கிய… ஆமா. ரெண்டாவது தடவை என் கையாலதான்.

போன வருசம் பதினஞ்சு நாள் லீவுல வந்தேன். அவ ஆடுததை ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும், அதுக்குன்னே வந்தேன். மழை. ஃபைனலைத் தள்ளித் தள்ளி வச்சு, கடைசியில எனக்கு ஃப்ளைட்டுக்கு மொத நாள் நடத்துனாங்க. மறுநாள் நான் திருவனந்தபுரத்துல இருக்கணும். பாதி ஆட்டம் முடிஞ்சு இடைவேளையில எங்கிட்ட ஓடி வந்தா. 'வாப்பா, முட்டி வழுக்குத மாதிரி இருக்கு. டீச்சர்ட்ட சொல்லிட்டு உக்காந்துக்கிடவா?'ன்னா. கேட்டா அண்ணாச்சி. எங்கிட்ட கேட்டா. நான் பையில இருந்து தைலத்தை எடுத்தேன். இதே பாட்டில் இல்ல, இதோட அண்ணன். ரெண்டு கையாலயும் தேச்சேன். 'ஒண்ணுமில்ல, போ'ன்னேன். 'நாளைக்கு வாப்பா இருக்க மாட்டேன்லா'ன்னேன்.

போனா. நாலு நிமிசம். அதே முட்டி. அவ்வளவு கூட்டத்துலயும் அந்த 'டப்' எனக்குக் கேட்டுச்சு. ஆப்பரேசன் அன்னைக்கு இந்த மகராசன் எங்க இருந்தேன்னு நெனைக்கிய? ஷார்ஜாவுல குடவுன்ல அட்டப்பெட்டி எண்ணிக்கிட்டு இருந்தேன். கையில தைல வாசம் போகல. எத்தனை சோப்பு போட்டும் போகல.

பெறகு எதுக்கு இந்தச் சவத்தத் தூக்கிட்டுத் திரியுதன்னா… அடுத்தவன் முட்டியாவது குணமாகட்டும்னுதான். கோட்டிக்காரத்தனந்தான்.

அதனாலதான் சொல்லுதேன், இந்தத் தடவை அவதான் சொல்லணும். ஃபாரத்துலயே கேட்டிருக்கான்: 'விளையாட விருப்பமா?' அதுக்கு ஒரு கோடு போட்டிருக்கு. அதுக்கு அடியில வாப்பாவுக்கு ஒரு கோடு. அவ கோட்டுல அவ மொதல்ல எழுதட்டும்னு நாலு நாளா நானும் காத்துக் கெடக்கேன், எழுதவே மாட்டேங்கா… என்னது? ஃபாரம் எங்கயா? இந்தா, என் சட்டைப் பையில. திங்கக்கெழமை கொண்டாந்து நீட்டுனா, 'நான் பாத்துக்கிடுதேன்'னு வாங்கி வச்சேன். அன்னையில இருந்து பத்திரமா இங்கனதான…

அண்ணாச்சி.

ஃபாரம் எங்கிட்டல்லா இருக்கு. அவ எதுல எழுதுவா?

யாரு அது முதுகுல தட்டுதது… ஏ நிலோ! நீ எப்பம்மா வந்த? எவ்வளவு நேரமா நிக்க? என்னது, 'கோ'வா? எந்திரிக்கேன், எந்திரிக்கேன், என் முட்டியும் பிடிச்சுக்கிட்டு. கடுதாசி குடுத்துட்டாங்களா? மாஷா அல்லா… இந்தா, இதைப் பிடி. கொஞ்சம் கசங்கியிருக்கு. கொஞ்சம் தைலம் பட்டிருக்கு. பேனா… அண்ணாச்சி, பேனா இருக்கா? தாங்க. எழுதும்மா. நான் பாக்கல. இப்படித் திரும்பி அந்தப் போர்டைப் பாக்கேன். வாயே தொறக்க மாட்டேன்.

அண்ணாச்சி, பைய சொல்லுதேன், 'ஆம்'னா ரெண்டெழுத்து, 'இல்லை'ன்னா மூணு. பேனா கீறுத சத்தத்துலயே கண்டுபிடிச்சிரலாம். ஒண்ணு… ரெண்டு… நின்னுட்டு! அண்ணாச்சி, நின்னுட்டு… இல்ல, மறுபடி எழுதுதா. மூணு… நாலு… ஏழு, எட்டு… ஏ பிள்ள, பரீட்சையா எழுதுத?

குடு. கண்ணாடி எங்க… 'ஆம். என் வாப்பா மைதானத்துக்கு வரக் கூடாது.'

…

இது காலேஜுக்குப் போற ஃபாரம்மா. லில்லி டீச்சர் படிப்பாங்க… அவங்க படிக்கணும்னுதான் எழுதுனியா?

சரி.

இல்ல, உன் 'சரி' மாதிரி இல்ல. நெசமாவே சரி. எங்க போடணும், இதுக்கு அடியிலயா? கா… ஜா… முகைதீன். எழுத்து கோணிப்போச்சு, அண்ணாச்சி பேனா சரியில்ல. இந்தாங்க அண்ணாச்சி… அண்ணாச்சி? பாரேன், மனுசன் எப்ப நழுவுனாருன்னே தெரியல. பாட்டிலை நாக்காலியில அப்படியே வச்சுட்டுப் போயிட்டாரு.

பேனாவை இங்கன வச்சிருதேன். பாட்டிலு… சரி, சரி, எடுக்கல. கெடக்கட்டும் போர்டுக்குக் கீழயே. நட, ரெண்டரை ஆச்சு. பைய எறங்கு, படி வழுக்கும்.

ஏ பிள்ள, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். காலேஜு கேட்டுக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்பு இருக்குல்லா, அது மைதானத்துல சேத்தியா?