வெட்கத் துண்டு

கைய எடும்மா! அத மட்டும் தொட்டுடாத, புண்ணியமாப் போகும். பயந்துட்டியா? மன்னிச்சுக்கோ. ஏதோ மிச்சம்னு நெனச்சு கைய நீட்டிட்ட, ஊருக்குப் புதுசு, உன்னக் குத்தம் சொல்லக் கூடாது. உக்காரு, எந்திரிக்காத. இந்த ஆகஸ்ட் மாசத்துல, சிப்பியோனாக் கடற்கரையில, மதியச் சாப்பாட்டு வேளையில வேற எங்க போய் நாற்காலி தேடுவ? நாங்களும் வருசா வருசம் லீவுக்கு வர்றவங்கதான். ஆலிவ் எடுத்துக்கோ. நெத்திலி எடுத்துக்கோ. அந்த எறால் அடை சூடா இருக்கு, அதையும் எடு. தட்டுல தனியா உக்காந்திருக்கே ஒரு குரோக்கெட்டா, அது மட்டும் வேண்டாம்.

கெட்டதெல்லாம் இல்லம்மா, மாதா மேல ஆணை. பன்றித் தொடைக்கறிய மைய நறுக்கி, பால்ல கிண்டுன மாவுல உருட்டி, மொறுமொறுன்னு பொரிச்சது. ஆறிப் போச்சு, அவ்வளவுதான்.

உங்க ஊர்ல எப்படியோ. எங்க பக்கம் ஒரே தட்டுல நாலு கை விழுந்து சாப்பிட்டா, கடைசியா நிக்கிறதுக்கு வெக்கத் துண்டுன்னு பேரு. எடுக்கறவன் அல்பம்னு ஆயிடுவான். நீங்க எடுங்க, ஐயய்யோ நீங்க எடுங்கன்னு தட்டு ஊர்வலம் போற மாதிரி மேசையச் சுத்தும். கடைசில கடைக்காரிதான் வந்து, வெக்கங்கெட்ட சனங்களான்னு திட்டி அள்ளிட்டுப் போவா.

இது என் தம்பிக்கு. அதோ, மதில் ஓரமா வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு கடலப் பாத்து நிக்கிறானே, அவன்தான் காசியானோ. அவன் எடுக்கணும். நான் எடுக்க மாட்டேன்.

நானா? எனக்குப் பிடிக்கும்மா. அதுக்கென்ன பண்றது.

பசி இல்லாதவன்னு நெனைக்காத. எல்லாத்தையும் தின்னுட்டு இது ஒண்ண மட்டும் விட்டு வெச்சிருக்கான். நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். செபமாலைய எடுத்துக் கண்ண மூடி உக்காந்தேன், ஒரு கண்ண மட்டும் லேசாத் தொறந்து வெச்சுக்கிட்டு. அந்தச் செபம் எங்க போய்ச் சேந்துச்சோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கை கழுவப் போறேன்னு உள்ள போய், தொங்குதே அந்தப் பன்றித் தொடைங்க, அதுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாத்தேன். அவன் பூசைக்கு முதல் வரிசையில உக்காந்தவன் மாதிரி கைய மடியில வெச்சுக்கிட்டு நிமிந்து உக்காந்திருந்தான். எனக்குத்தான் கொழுப்பு சொட்டி சட்டையெல்லாம் பாழாப் போச்சு. இந்தா பாரு கறை.

சிரி, சிரி. இந்தக் கடையே சிரிக்குது. கடைக்காரி என்கார்னா தட்ட எடுக்க வந்தா. என் தொப்பியக் கழட்டி அதுமேல கவுத்துட்டேன். எலெயுத்தேரியோ, உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, பின்னால எத்தன பேர் எடத்துக்கு நிக்கிறாங்க பாருமய்யான்னு கத்தினா. சூடா இன்னொரு தட்டு கொண்டாந்து வெக்கிறேன், அந்தச் சனியன விடுமய்யான்னும் சொல்லிப் பாத்தா. வேற தட்டு எனக்கெதுக்கு? அப்புறம் ஒரு கடல்காக்கை எறங்குச்சு. திருப்பாடல் புத்தகத்தால ரெண்டு போட்டேன். பரிசுத்தமான புத்தகம்தான், ஆனா கனமான அட்டை.

நியாயம் சொல்ல என்கார்னா எலாரியோ சாமியாரையே கூட்டிட்டு வந்துட்டா, கேளு. அவரு பூசைய முடிச்சுட்டு ஒரு கிளாஸ் மன்சனில்லா ஒயினோட நிம்மதியா நின்னவரு, பாவம். வந்து குரோக்கெட்டாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, தாடியத் தடவினாரு. ரெண்டா வெட்டிக் குடுத்துடுவோம்னு கத்திய எடுத்தாரு பாரு! பிள்ளைய ரெண்டா வெட்டச் சொன்ன சாலமோன் ராசாவுக்கு முன்னால, பெத்தவ அலறுனாளே, அந்த மாதிரி அலறிட்டேன். வெட்டாதீங்க சாமி, முழுசா அவனுக்கே குடுத்துடுங்கன்னு. சாமியாரு கத்தியக் கீழ வெச்சாரு. இவ்வளவு விட்டுக்குடுக்கறது கூட ஒரு வகையில ஆணவம் எலெயுத்தேரியோன்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு.

இல்லம்மா, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. மனஸ்தாபமா? எங்களுக்குள்ளயா? ரொம்ப மரியாதையா நடந்துக்கறான். அதத்தான் தாங்க முடியல.

எடுடான்னு சொல்லலாம், சொன்னா எடுப்பான். சொல்லி எடுத்தா அது கணக்குல சேராது. தானா கைய நீட்டணும்.

ஏன்னா, எங்க வீட்ல வெக்கத் துண்டுங்கற பேச்சே கெடையாதும்மா. இவன் இருக்கற எடத்துல எதுவும் மிஞ்சாது. என் கல்யாண விருந்துல, நீங்க எடுங்க நீங்க எடுங்கன்னு மாமனாரும் பிஷப்பும் குழைஞ்சுக்கிட்டு இருந்த கடைசி எறால, நடுவுல கைய விட்டு எடுத்து வாயில போட்டவன் இவன். எங்கம்மா அடக்கத்தன்னிக்கு, துக்கம் விசாரிக்க வந்தவங்க மடியில இருந்த தட்டக் கூட விட்டு வெக்கல. டேய், நாய்கூட உன்னப் பாத்து வெக்கப்படும்டான்னு நான் வையாத விருந்தில்ல. வாய் நெறைய மென்னுக்கிட்டே சொல்லுவான், கூடப் பொறந்தவன்கிட்ட என்னண்ணே வெக்கம், அதெல்லாம் அன்னியருக்கு வெச்சுக்கோன்னு.

இன்னிக்கு அந்தத் தட்ட என் பக்கமா நகத்தி வெச்சு, நீங்க எடுத்துக்குங்க ஐயா, எனக்குப் போதும்னான்.

அது... வந்து, காலையில பஸ்ஸுலயே, யாரோ அன்னியர்கிட்டக் கேக்கற மாதிரி கேட்டான். நீங்களும் சிப்பியோனாவுக்குத்தான் போறீங்களான்னு. கெழவன் விளையாட்டுக் காட்டறான்னு நெனச்சு நானும் சிரிச்சேன்.

வர்றான் பாரு. நீ ஒண்ணும் காட்டிக்காத, பேசாம ஆலிவ் தின்னு. தட்ட இப்படி நகத்து, அவன் கண்ணுல படட்டும்.

வாங்க ஐயா, வாங்க. இல்லல்ல, யாரும் இல்ல, காலி நாற்காலிதான், தாராளமா உக்காருங்க. இந்தப் பொண்ணா? ஊரு சுத்த வந்த புள்ள. ஆமாமா, நல்ல காத்து. நான் எசிஹாவுலேர்ந்து வர்றேன். அப்படியா! நீங்களும் எசிஹாவா? எந்தத் தெரு?

அட. நானும் அதே தெருதாங்க.

ஒரே ஒரு குரோக்கெட்டா மிஞ்சியிருக்கு ஐயா. எடுத்துக்குங்க. என்கிட்ட என்ன வெக்கம்.