பாலத்தில் முதல் காலடி

இமயம் எழுந்த நாள்தொட்டு இரு கரை மக்களும் காத்திருந்த பொன்னாள் இதுவே என்று பாலத்தின் முகப்புக் கல்லில் செதுக்கியிருந்தார்கள். அந்தப் பொன்னாளில், காலை பத்து மணிக்கு, புதுத் தொங்குபாலத்தின் நட்டநடுவில், ஒரு கையில் கம்பியும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றுபோயிருந்தாள் தில்சரி. வார்டுத் தலைவர் ஹிமலால் பூனின் மனைவி. தலைவர் அக்கரையில், மேயருக்குப் பக்கத்தில், மாலையும் கழுத்துமாக இருந்தார்.

“ஹலோ... பிமலா அப்பா... ஆமா, நான்தான், அதான் தெரியுதுல்ல... கையாட்டாதீங்க! நீங்க ஆட்டினா பாலமே ஆடற மாதிரி இருக்கு...

“ஏன் நின்னுட்டேனா? சும்மாதான், மலையைப் பாக்கறேன்... சரி, சரி, கத்தாதீங்க. பயமா இருக்கு. கால் நகர மாட்டேங்குது...

“சேச்சே, பாலத்துல ஒரு குறையும் இல்ல! உங்க வேலையை நான் குறை சொல்வேனா? பதினோரு தடவை காத்மாண்டுக்கு அலைஞ்சு கொண்டாந்த பாலம்... ஆமா... ஆமா... நேத்துகூட சுன்கேசரி அண்ணிகிட்ட சொன்னேன், எங்க வீட்டுக்காரர் பாலத்துல யானையே போகலாம்னு... யானை போகட்டுங்க, நான் எதுக்கு?

“நானா கேட்டேன்? நீங்கதானே மைக்குல சொன்னீங்க, முதல் காலடி என் வீட்டு லட்சுமியோடதுன்னு. லட்சுமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

“கீழ பாக்காம எப்படி? தரையே சல்லடை மாதிரி இருக்கு! எங்க பாத்தாலும் ஆறு... மூடிட்டேன்... ஐயோ, மூடினா இன்னும் பக்கத்துல கேக்குது...

“திரும்பறதா? எப்படிங்க? பின்னால ஊரே நிக்குது. நான் திரும்பினா அப்புறம் ஒரு ஈ காக்கா இதுல கால் வைக்காது. பிள்ளைங்க பழையபடி ஆத்துக்கு மேல கம்பித் தொட்டில்ல தொங்கிக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போகணும். உங்க பேரும் ஆத்தோட போயிரும்... அண்ணி வேற வீடியோ எடுக்கறா...

“இருங்க, ஒண்ணு கேக்கறேன். நேத்தே அந்தப் பக்கம் போயிட்டீங்களே, எப்படி நடந்தீங்க? எங்க பாத்து நடந்தீங்க?... ஹலோ?... ஹலோ?... மேயர் காத்திருக்கட்டும், எனக்குச் சொல்லுங்க... சரி, அதை விடுங்க. எதிர்ல ஒரு பத்து அடி வாங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடறேன்... முட்டி வலியா? முந்தாநாள் கல்யாணத்துல விடிய விடிய ஆடின முட்டிதானே அது?”

அவள் முதுகுக்குப் பின்னால் மணிகள் குலுங்கின. பாலம் மெல்ல ஊஞ்சலாடத் தொடங்கியது.

“என்ன அது... கடவுளே! கோவேறு கழுதைங்க! ஆறு... ஏழு... கேஸ் சிலிண்டரோட வருது! யார் விட்டது?... நீங்களா? பாரம் தாங்கும்னு மேயருக்குக் காட்டவா? நடுவுல நான் நிக்கறேங்க! நான் பாரமில்லையா?... ஆடுது... பிமலா அப்பா, ஆடுது!... ஏய், சீ, என் கழுத்து மாலையைத் திங்காதே!... உங்களை இல்ல, கழுதையை... அது முன்னால போயிருச்சு... கழுதைக்காரர் என்னமோ சொல்றார்... வாலைப் பிடிச்சுக்கணுமாம்... பிடிச்சிட்டேன், பிடிச்சிட்டேன்... ஒரு கை போதாதாம், ரெண்டு கையாலயும்... ஹலோ, அப்ப போனை எங்க வெக்கறது, போன்—”

கைப்பேசி பக்கவலையைத் தாண்டி ஆற்றுக்குப் போயிற்று.

தில்சரி கழுதை வாலோடு அக்கரை சேர்ந்தாள். மேளம் முழங்கியது, மேயர் கைதட்டினார். மறுகரைக் கூட்டமும் ஒவ்வொருவராகப் பாலத்தில் இறங்கியது. பிற்பகலுக்குள் ஊரில் பாதிப்பேர் போய்த் திரும்பிவிட்டார்கள். தில்சரியும் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

தலைவர் மட்டும் மேயரின் ஜீப்பில் ஏறி, ஐந்து மணி நேரம் மலையைச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். முந்தின நாள் போனதும் அப்படித்தான்.