திரைச்சீலைக்குக் கீழே

இரண்டாம் ஆட்டம் விட்டபோது இரவு மணி ஒன்றரை. சிங்காநல்லூர்க் குளத்தங்கரை ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்த எங்களுக்குத் திருமூர்த்தி சொன்னது இது. எங்களில் ஆறுச்சாமி மட்டும், கடைக்காரர் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்த டீயைத் தம் பக்கத்தில் வைத்துவிட்டு, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

திருமூர்த்தியின் சிநேகிதர் பாலகோபாலுடைய பெரியப்பாவுக்கு நடந்ததாம். இப்போது பார்த்துவிட்டு வந்தோமே, அதே மர்மப்படம்... ஐம்பத்தாறில் முதன்முதலாக வந்தபோது.

பெரியப்பா பெயர் வரதராஜுலு. பம்புசெட் கடை முதலாளி. சினிமாவில் பிழை பிடிக்கத் தம்மை மிஞ்ச மெட்ராஸிலும் ஆளில்லை என்பது அவர் எண்ணம். டூரிங் டாக்கீஸில் நாற்காலி டிக்கெட் வாங்கி, மேல்துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்து, டைரக்டருக்கே கேட்கும்படி பிழை சொல்வார். வீட்டிலும் அதே உத்தியோகம். ரசத்தில் பிழை, கோலத்தில் பிழை... பல்லடத்துத் தம்பி வீட்டுக்குப் போன சம்சாரம் அம்புஜம் திரும்பவேயில்லை. அத்தனை பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு இரண்டு பிழை.

"பால் டம்ளரப் பாருங்க! ஒருத்தரும் தொடல. அதுக்குள்ள பாதியாயிருச்சு!"

அப்புறம், கொலை நடந்து பூட்டிப்போட்ட அறை. திரைச்சீலைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்.

"லைட்டுக்காரன் ஒளிஞ்சு நிக்கறான்! இதக்கூடப் பாக்காம படமெடுத்துப்போட்டாங்க!"

கொட்டகையே சிரித்தது.

வீட்டுக்கு வந்து பாலை ஊற்றி மேஜையில் வைத்தார். கதவைத் தாழிட்டுத் திரும்பினார்... பாதி. டம்ளர் விளிம்பில் ஈரம். பூனைதான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார். பதறிய வேகத்தில் நிலைப்படியில் கால் இடித்து, கட்டைவிரலில் துணி சுற்ற வேண்டியதாயிற்று.

மறுநாளும் அதே படத்துக்குப் போனார். திரையில் டம்ளர் வந்தது. நிறையப் பால்... கடைசி வரை நிறைய. பக்கத்தில் கேட்டால், "நேத்தும் இப்படித்தானுங்களே" என்றார்கள். பூட்டிய அறை வந்தது. திரைச்சீலைக்குக் கீழே... வெறும் தரை.

படத்தை விட்டுக் கிளம்பிய பிழை எங்கே போயிருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது போல. மேல்துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் கொட்டகை வாசலில் ஒவ்வொருவராக நிறுத்தினார்.

"ஏனுங்க, எங்கூடு வரைக்கும் வாரீங்களா?"

"வந்தா எங்க நடையிலயும் பிழை சொல்லுவீங்கோ!"

சிரித்துவிட்டுப் போனார்கள். தனியாகத்தான் நடந்தார்.

விடிந்து பார்த்தால் கதவு உள்தாழ். உடைத்துத் திறந்தார்கள். டம்ளர் காலி. திரைச்சீலைக்குக் கீழே அவர் செருப்பு, ஜோடியாக. ஆள் இல்லை.

திருமூர்த்தி பீடியை நசுக்கினார். "அதுக்கப்புறம் படத்துல பாலும் கொறஞ்சுது, காலும் வந்துருச்சுங்க. இன்னிக்கு நல்லாப் பாத்தீங்களா? கட்டவெரல்ல துணி... ஏனுங்க ஆறுச்சாமி, ரெண்டையும் காட்டிச் சத்தம் போட்டது நீங்கதானுங்களே?"

ஆறுச்சாமியின் சம்சாரம் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"யாராச்சும்... எங்கூடு வரைக்கும்..."

நாங்கள் அவரவர் டீயைக் குனிந்து பார்த்தோம். அவர் இன்னும் கை வைக்காத கிளாஸில் பாதிதான் இருந்தது.