பிணமாகக் கிடந்தவன் கேட்டது

மழை பிடித்தால் எனக்கு இடது இடுப்பு வலிக்கும். வலது இடுப்புக்கு ஒன்றுமில்லை. நான் எப்போதும் இடது பக்கம் சாய்ந்துதான் சாவேன். வலது கையில் கத்தியோ துப்பாக்கியோ இருக்கும், அது காமிராவுக்குத் தெரிந்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று படங்களில் செத்திருக்கிறேன். அந்த டேப் ரெக்கார்டரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். இந்த முதியோர் விடுதியில் வெந்நீர்க் குழாய் ஓயாமல் இரையும்.

சீன நடிகர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொன்னீர்கள். என் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள், எடி ஃபாங் ஏன் பாதியில் காணாமல் போனான் என்றும் கேட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

நான் ஸ்டாக்டன் நகரத்தில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் பிறந்தவன். க்ளாரன்ஸ் லூயி என்பது என் பிறப்புச் சான்றிதழிலேயே உள்ள பெயர். ஏழு வயதில் காலர் தேய்த்தேன். பத்து வயதில் எட்டு பவுண்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி முழுச் சட்டை தேய்த்தேன். அதனால் ஹாலிவுட்டுக்கு வந்து, காலை ஐந்து மணிக்கு ஸ்டுடியோ வாசலில் நின்று, நாள் முழுக்கச் சேற்றில் விழுந்து எழுவது எனக்குக் கஷ்டமாகவே தெரியவில்லை. உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரம் கொடுத்தார்கள். அப்பாவின் கடையில் அது கிடையாது.

போர்க் காலத்தில் கை நிறைய வேலை. இந்த நாட்டில் இருந்த நிஜ ஜப்பான்காரர்களை அரசாங்கம் முகாம்களில் அடைத்துவிட்டதால், ஜப்பான்காரனாகச் சாவதற்கு ஆள் இல்லை. நாங்கள் செத்தோம். ஒரு கதாநாயகருக்குக் குறி பார்க்கவே வராது. அவருக்காக நானே துப்பாக்கி நீட்டியிருக்கும் பக்கம் போய் நின்றேன். முதல் தடவை திரையில் நான் செத்தபோது அம்மா கொட்டகையில் அழுதாள். நாலாவது தடவை, "இந்த வாட்டி பரவால்ல. கால் நல்லா மடங்குச்சு," என்றாள்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கடைசிவரை உயிரோடு இருக்கிற ஒரு வேஷம். பெரிய வேஷமாக இருக்க வேண்டியதில்லை. படம் முடிந்து கொட்டகையில் விளக்குப் போடும்போது நான் எங்கேயாவது பின்னால் நின்றுகொண்டிருந்தால் போதும்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு வெள்ளப் படம் வந்தது. வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி சீனக் கிராமத்தைக் காப்பாற்றுகிற கதை. அதில் நான் முதல் காட்சியிலேயே பிணம். ஒட்டுத் தாடி வைத்த கிழட்டுத் தகப்பன். என் மேல் விழுந்து அழுகிற மகன் எடி ஃபாங். நிஜத்தில் என்னைவிட எட்டு வயதுதான் இளையவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். தினமும் காலையில் ஒரே கடையில் கஞ்சி குடிப்போம். அவன் மனைவி மேபெல் எனக்குச் சட்டைப் பட்டன் தைத்துக் கொடுப்பாள்.

டைரக்டர் எடியிடம், சீனத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டே அழு, யாருக்கும் புரியப்போவதில்லை என்றார். அது எங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற சலுகை. நான் ஒருமுறை மஞ்சூரியத் தளபதியாக நின்று, காலருக்குக் கஞ்சி அதிகம், இரண்டு பட்டனைக் காணோம், வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளவும் என்று படைகளுக்கு முழங்கினேன். எங்கள் ஆட்கள் நிறைந்த சைனாடவுன் கொட்டகையில் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். வெள்ளைக்காரப் பத்திரிகை ஒன்று என் கம்பீரத்தைப் பாராட்டியது. எடியும் வழக்கமாக ஓட்டல் பலகாரப் பட்டியலைத்தான் ஒப்பிப்பான்.

அன்றைக்கு அவன் என் மார்பில் தலையை வைத்தான்.

"அப்பா, நான் விங் ஹோ. தாம் யுக் லாம் மகன். ஷெக் ஹாங் ஊர்ல கிணத்தடி வீடு. பதினெட்டு வருஷமா ஊரான் பேர்ல சோறு தின்னுட்டு இருக்கேம்ப்பா. உன்னைக் குழில இறக்குனப்ப நான் இல்ல. மூணு மாசம் கழிச்சுத்தான் கடுதாசி வந்துச்சு."

எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர் என்பது உங்களுக்கும் தெரியும். சீனர்களை நாட்டுக்குள் விடாத காலத்தில், இந்த நாட்டுக் குடிமகனின் மகன் என்றால் மட்டும் விட்டார்கள். ஆகவே அப்படி மகன் என்று சொல்லும் காகிதத்தை விலைக்கு வாங்கி, அடுத்தவன் மகனாகக் கப்பலேறி வந்தார்கள். எடியின் காகித அப்பா ஃப்ரெஸ்னோவில் மளிகைக் கடை வைத்து, வாத்துக் கறி சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருந்தார். அவர் அப்படி இருக்கும்போது இவன் வீட்டில் ஊதுவத்தி ஏற்றித் துக்கம் காக்க முடியாது. அதனால் காமிராவுக்கு முன்னால் துக்கம் காத்தான்.

அவன் கண்ணீர் என் காதுக்குள் போனது. பிணம் காதைக் குடையக் கூடாது. ஐம்பது வினாடி நான் மூச்சே விடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்போது யாரும் குறிக்கவில்லை.

படம் வந்தபோது எல்லாரும் எடியைப் பற்றித்தான் எழுதினார்கள். சைனாடவுனில் அந்தக் காட்சிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். வெளியே வந்த பிறகு ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர் அதே வழியாக வந்தவர்கள்.

அந்த ஐம்பது வினாடியைப் பார்த்துவிட்டு, ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அவனைக் கூப்பிட்டார்கள். மாட்டுப் பண்ணைக் கதை, வாரா வாரம். சமையல்காரன் லக்கி. பீன்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்து, உடைந்த இங்கிலீஷில் ஒரு வரி சொல்லி, உள்ளே போக வேண்டும். அடுத்த வாரமும் வர வேண்டும். அதாவது, லக்கி சாக மாட்டான். தேர்வில் எடி முதல் ஆள். நான் இரண்டாவது.

நான் பொறாமைப்பட்டேன் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை, இதில் ஒரு தொழில் நியாயம் இருக்கிறது. எடி நடிக்கவில்லை. நிஜமாகவே அழுதான். கசங்காத புதுச் சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு இஸ்திரிக் கூலி வாங்கலாமா? அப்பா அப்படி ஒரு நாளும் செய்ததில்லை.

எனவே குடியேற்ற அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் யார் மீதும் புகார் இல்லை. ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான். கொட்டகையின் பெயர், காட்சி நேரம், நாலாவது நிமிஷம் என்று விவரம் கொடுத்தேன். சீன மொழிபெயர்ப்பாளரைக் கூட அழைத்துப் போனால் படம் நன்றாகப் புரியும் என்றும் எழுதினேன். உறைக்குள் இரண்டு டிக்கெட் வைத்தேன். என்னால் அரசாங்கத்துக்குச் செலவு வரக் கூடாது. கையெழுத்துப் போடவில்லை; விளம்பரம் எனக்குப் பிடிக்காது.

மூன்று வாரத்தில் எடிக்கு அழைப்பாணை வந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கஞ்சிக் கடைக்கு வந்தான்.

"அண்ணே, நாளைக்கு எங்கூட ஆபீசுக்கு வரணும். என்னைய நல்லவன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமாம். பொறந்ததே இந்த நாட்டுலங்கிற ஆளா இருந்தா நல்லதாம்."

"வேற ஆளே கிடைக்கலையா?" என்றேன்.

"ஆளா இல்ல? நம்புற ஆள் நீங்கதான்."

மறுநாள் காலையில் மேபெல் எனக்காக ஒரு வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்திருந்தாள். காலர் சரியாக நிற்கவில்லை. அவளே கவலையில் இருந்தாள், நான் எதுவும் சொல்லவில்லை.

விசாரணையில் நான் நாற்பது நிமிஷம் பேசினேன். எடியின் நேர்மை, உழைப்பு, தகப்பன் மேல் வைத்திருந்த பாசம், எல்லாம் சொன்னேன். எந்தத் தகப்பன் என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது என்றேன். அதிகாரி உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணில் மட்டும் கண்ணீர் வரவழைத்தேன். அதற்குப் பெயர்தான் நடிப்பு. எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எடி மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

குடியுரிமை ரத்தானது. திரும்ப விண்ணப்பிக்கலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். தொடருக்குப் பணம் போட்ட சோப்புக் கம்பெனிக்கு இந்த மாதிரிப் பேச்சு ஆகாது. வேஷம் போயிற்று. எடியே தயாரிப்பாளரிடம் போய், "க்ளாரன்ஸ் அண்ணனுக்குக் குடுங்க. பாவம், சாகாத வேஷம் ஒண்ணு அவருக்கும் வேணும்," என்று சொல்லியிருக்கிறான். தயாரிப்பாளர்தான் பிறகு என்னிடம் சொன்னார். அப்படியானால் அந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காதோ என்று நினைக்கிறீர்கள். அதை முன்கூட்டி யார் கண்டது?

வேலை ஒன்றும் வராததால் அடுத்த வசந்தத்தில் அவனும் மேபெலும் ஹாங்காங்குக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டியை நான்தான் துறைமுகத்தில் தூக்கிக் கொடுத்தேன். நல்ல கனம்.

லக்கியாக ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தேன். எனக்கு ஒரு முட்டை வேகவைக்கத் தெரியாது. ஐந்தாவது வருஷம் ஒரு கதை எழுதினார்கள்: லக்கிக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது, அப்பா செத்துவிட்டார். சீனத்தில் ஏதாவது சொல்லி அழு என்றார் டைரக்டர். என் அப்பாவை நினைத்துப் பார்த்தேன். அவர் செத்த அன்று நான் ஒரு ஆற்றங்கரைப் படப்பிடிப்பில் செத்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. இஸ்திரிப் பெட்டி அடுப்பில் உட்காருகிற சத்தம்தான் நினைவுக்கு வந்தது. அழுகை வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அப்போது காதுக்குள் இருந்ததை எடுத்துச் சொன்னேன். தாம் யுக் லாம், ஷெக் ஹாங், கிணத்தடி வீடு, பதினெட்டு வருஷம், குழி, மூன்று மாதம். ஒரு சொல் பிசகவில்லை. ஒரே டேக். விளக்குப் பிடித்தவர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அதற்குத்தான் அந்தக் கேடயம் கொடுத்தார்கள், அலமாரியில் இருக்கிறது பாருங்கள்.

அறுபத்தெட்டில் ஹாங்காங்கிலிருந்து எடி எழுதினான். அங்கே தொடரை முழுக்கச் சீனத்தில் அவர்கள் குரலுக்கு மாற்றிவிட்டு, நான் அழுத அந்த ஒரு இடத்தை மட்டும் என் குரலிலேயே விட்டிருக்கிறார்கள். கடிதம் எனக்கு மனப்பாடம்.

"அண்ணே, டீக்கடையில எல்லாரும் எந்திரிச்சு நின்னு பாத்தோம். எங்கப்பா பேரை நீங்க மறக்கல. நான் ஒரே ஒரு தடவை சொன்னது, நீங்க ஊரு உலகத்துக்கே சொல்லிட்டீங்க. மேபெல் ரொம்ப அழுதா. என்னைக் காட்டிக் குடுத்தவன் எவன்னுதான் இன்னும் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா ஒரு வரி எழுதுங்க."

பதினேழு வருஷம் ஆகிறது. குற்ற உணர்ச்சியால்தான் எழுதவில்லை என்று உங்கள் புத்தகத்தில் போட்டுவிடாதீர்கள். யாராவது எழுதிக் கொடுக்காமல் எனக்கு வசனம் வராது, அதுதான் காரணம். மற்றபடி நான் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. எடி ஃபாங் என்கிற தாம் விங் ஹோவுக்கு ஒரு பதில் கடிதம் மட்டும் பாக்கி.