எந்த வைத்தியர்?

அக்கா: நிறுத்து. எந்த வைத்தியரை அடிச்சே?

தம்பி: நீ சொன்ன வைத்தியரை.

அக்கா: நான் இங்கிலீஷ் புத்தகத்தைப் பாத்து வெறும் வைத்தியர்னுதான் தமிழ்ல சொன்னேன். திரையில என்ன இருக்கு, படி.

தம்பி: 'யூத மருத்துவரான இவர், காற்றில் மிதக்கும் ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொல்கிறார்.' நல்லாத்தானே இருக்கு.

அக்கா: வாக்கியம் நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் வேற. மிதக்க விட்டவர் முஸ்லிம். யூத வைத்தியர் பொறக்குறதே இவர் செத்து நூறு வருஷம் கழிச்சு.

தம்பி: ரெண்டு பேருக்கும் ஒரே பட்டப்பேரு வச்சது யாரு?

அக்கா: நீதான். 'இந்தப் பேரெல்லாம் என் விரலுக்கு வரல. வைத்தியர், நீதிபதி, துறவின்னு சொல்லு, பேரைக் கடைசியில போட்டுக்கலாம்'னு சொன்னது யாரு?

தம்பி: ஒரே புத்தகத்துல ரெண்டு வைத்தியர் வருவாங்கன்னு யாரு கண்டா.

அக்கா: ரெண்டு என்ன ரெண்டு. அந்தக் காலத்துல பாதிப் பேரு பகல்ல வைத்தியம் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து தத்துவம் எழுதியிருக்காங்க.

தம்பி: நோயாளிங்க பாவம்.

அக்கா: எத்தனை இடத்துல இப்படி ஆயிருக்குன்னு பாரு.

தம்பி: இரு... ம்.

அக்கா: என்ன ம்?

தம்பி: நாலாவது அத்தியாயத்துலேர்ந்து ஆரம்பிக்குது. நீதிபதி தப்பிச்சார், அவர் ஒருத்தர்தான். துறவிங்க நிறைய பேரு, ஆனா எல்லாரும் கிறிஸ்தவங்க. அங்க மதம் மாறல.

அக்கா: அடிக்கிறப்ப உனக்குச் சந்தேகமே வரலையா?

தம்பி: எப்படி வரும்? எல்லாரும் அதே பழைய கிரேக்கரைத்தான் புடிச்சுத் தொங்குறாங்க. உலகத்துக்கு ஆரம்பம் உண்டா இல்லையா, கடவுளைப் பத்தி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது... இவர் சொன்னதை அவர் எடுத்துக்கிறார், அவரை இன்னொருத்தர் மறுக்குறார். பேரை எடுத்துட்டா யாரு எந்த மதம்னு எனக்கெப்படித் தெரியும்? என்ன அப்படிப் பாக்குறே?

அக்கா: இல்ல, நீயா இதைச் சொல்றேன்னு பாத்தேன். மாப்பிள்ளை வேற மதம்னு என் கல்யாணத்துக்கு வராதவன்.

தம்பி: அப்பா விடலை.

அக்கா: அதுக்கப்புறம் இத்தனை வருஷம்?

தம்பி: ...அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. கீழ ஜெராக்ஸ் மெஷின் ஓடினா இந்த ரூம்ல உக்கார முடியல.

அக்கா: திருப்பியாச்சு. எழுது. கண்ணு தெரியல, காது கேக்கல, கை மேல கை படல, கால் கீழ தரை இல்ல. இப்படி ஒருத்தன் வெறும் காத்துல இருக்கான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா தான் இருக்கோம்னு தெரியும்.

தம்பி: பசிச்சா?

அக்கா: வயிறு இருக்குறதே அவனுக்குத் தெரியாது.

தம்பி: குடுத்து வச்சவன். சரி... 'தான் இருப்பதை மட்டும் அவன் அறிவான்.' அடுத்தது?

அக்கா: அடுத்தது அந்த மொழிபெயர்ப்பு சமாச்சாரம். அரபி தெரிஞ்ச யூதர் ஒருத்தர் பக்கத்தைப் பாத்து ஊர்ப் பேச்சுல சொல்லுவாராம். பக்கத்துல உக்காந்து கிறிஸ்தவர் ஒருத்தர் அதை லத்தீன்ல எழுதுவாராம். முஸ்லிம் எழுதுன புத்தகம்.

தம்பி: நம்மள மாதிரி.

அக்கா: நம்மள மாதிரிதான். சண்டை போட்டுக்கிட்டாங்களான்னு போடலை.

தம்பி: போட்டிருப்பாங்க. வைத்தியர் யாருன்னு.

அக்கா: இன்னைக்கு வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தே?

தம்பி: எப்பவும் சொல்றதுதான். புத்தக வேலை, ஒரு மேடம் வாசிக்கிறாங்க, நான் அடிக்கிறேன்.

அக்கா: மேடமா.

தம்பி: வேற எப்படிச் சொல்ல.

அக்கா: அப்பா ஒண்ணும் கேக்கலையா?

தம்பி: வேலைன்னா கேக்க மாட்டார். வேலை இல்லாம சனிக்கிழமை செருப்பை மாட்டினா, எங்கேன்னு கேப்பார். உன்னைப் பாக்கன்னு சொல்ல முடியாது. வரவும் முடியாது.

அக்கா: நாம அக்கா தம்பின்னு பதிப்பாளருக்கே தெரியாது.

தம்பி: முதல் நாள் அவர் நம்மள அறிமுகப்படுத்தி வச்சப்ப, நீ கை கூப்பி வணக்கம் சொன்னியே. எனக்கே கொஞ்ச நேரம் சந்தேகம் வந்துருச்சு.

அக்கா: பின்ன கட்டிப் புடிச்சு அழவா? ...இன்னும் எவ்வளவு பாக்கி?

தம்பி: ரெண்டு பக்கம். நீ ஒழுங்கா வாசிச்சா இன்னைக்கே முடிஞ்சுரும்.

அக்கா: தொண்டை கட்டியிருக்கு.

தம்பி: மெதுவா வாசி. யாரு துரத்துறா.

அக்கா: ...அடிக்குறிப்பெல்லாம் இருக்கு.

தம்பி: அது வேணாம்னு பதிப்பாளர் முதல்லயே சொல்லிட்டாரே.

அக்கா: இப்ப வேணுமாம்.

தம்பி: எப்பச் சொன்னார்?

அக்கா: போன வாரம். போன் பண்ணார்.

தம்பி: போன வாரமா...

அக்கா: ஆமா. ஏன்?

தம்பி: ஒண்ணுமில்ல. எனக்கும் பண்ணார்.

அக்கா: உனக்கா? எப்ப?

தம்பி: வியாழக்கிழமை. கடைசியில கலைச்சொல் பட்டியல் ஒண்ணு சேக்கணுமாம்.

அக்கா: ...எப்படி இருக்கார்?

தம்பி: நல்லா இருக்கார். கொஞ்சம் சளி.

அக்கா: பட்டியல்னா, என்ன மாதிரி?

தம்பி: பெருசாத்தான். ஒவ்வொரு சொல்லையும் அரபியில என்ன சொன்னாங்க, எபிரேயத்துல என்ன, லத்தீன்ல என்னன்னு.

அக்கா: நமக்கு மூணும் தெரியாதே.

தம்பி: கத்துக்கச் சொன்னார்.

அக்கா: அவரா?

தம்பி: அவசரமே இல்லையாம். ரெண்டு மூணு வருஷம் ஆனாலும் பரவாயில்லையாம்.

அக்கா: டேய். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தம்பி: ஏன் சொல்ல மாட்டார்?

அக்கா: போன மாசம் அவர் ஆபீஸுக்குப் போனேன்டா. பதிப்பகத்தை மூடிட்டுப் போயிட்டார். நம்ம புத்தகம் வராது. அந்த இடத்துல இப்ப மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கு. சொன்னா அடுத்த சனிக்கிழமை நீ வர மாட்டியேன்னுதான்...

தம்பி: தெரியும்கா. நான் போட்டிருக்குற இந்தக் கண்ணாடியே அந்தக் கடையில வாங்குனதுதான். நீ அடிக்குறிப்பை வாசி.