போன மாசத்து விலை

காப்பி வேணாம் மேடம், நீங்க குடிங்க. உங்க கார் வர்ற வரைக்கும்தான் பேசுவேன். வந்ததும் நானே பெட்டியத் தூக்கி வைக்கிறேன். பயப்படாதீங்க, வேலை கேட்டு வரல. வாசல்ல நிக்கிற காவல்காரர்கிட்ட உங்க பேங்க்ல வேலை பாக்குறேன்னு சொல்லிட்டுதான் ஹோட்டலுக்குள்ள வந்தேன். பொய்தான். வேற வழி தெரியல.

நான் புள்ளிவிவரத் துறைல விலை எடுக்குறவ. மாசாமாசம் கடை கடையா ஏறி இறங்கி அரிசி என்ன விலை, மண்ணெண்ணெய் என்ன விலை, மருந்து என்ன விலைன்னு கேட்டு எழுதணும். மார்க்கெட்ல எனக்குப் பேரே விலையம்மா. எதையும் வாங்க மாட்டா, விலை மட்டும் கேப்பான்னு கிண்டல் பண்ணுவாங்க. முந்தாநேத்து எங்க டைரக்டர் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டினாரே, ஒரு கோடு தரையோட தரையாப் போச்சே, விலைவாசி கட்டுக்குள்ள இருக்குன்னு. அந்தக் கோடு நான் எழுதிக் குடுத்ததுலேர்ந்து வந்ததுதான்.

அது பொய்க் கோடுன்னு சொல்ல வரல. அதுதான் கஷ்டமே. எல்லாம் விதிப்படிதான் நடந்துருக்கு. கடைக்குப் போறேன், பொருள் இல்ல. அப்ப என்ன எழுதணும்? போன மாசத்து விலையையே எழுதணும். ஒரு மாசம் சரக்கு வரலன்னா கணக்கு அறுந்து போகக் கூடாதுல்ல, அதுக்காக வெச்ச விதி. அடுத்த மாசம் பொருள் வந்துட்டா தானா சரியாயிடும். ஆனா இப்ப பொருளே வரலையே மேடம். எங்க பணம் மதிப்பிழந்ததுலேர்ந்து சரக்குக் கப்பல் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. எண்ணெய் டின் இருந்த தட்டுல பிளாஸ்டிக் பக்கெட்ட அடுக்கி வெச்சிருக்காங்க. என்னைப் பாத்ததும் கடைக்காரருக்குச் சிரிப்பு. எழுதிக்கோங்க விலையம்மா, இல்லாத எண்ணெய் இன்னும் ஒரு பைசா ஏறலங்கறாரு. நானும் எழுதிட்டு வர்றேன்.

எங்க நாட்டுக்கு உங்க பேங்க் செஞ்சு குடுத்த அவசர உதவி ஒப்பந்தத்தைக் குத்தம் சொல்லல. அதைப் படிச்சப்ப ஆபீஸ்ல சந்தோஷப்பட்ட ஒரே ஆளு நான்தான். விலை இவ்வளவுக்கு மேல எகிறுச்சுன்னா யாரும் யாரையும் கெஞ்ச வேணாம், ஒரே வாரத்துல மருந்தும் எரிபொருளும் வாங்கப் பணம் தானா இறங்கும். மழைக்கு முன்னாடியே குடை வாங்கி வெச்ச மாதிரி. எங்கயோ எண்ணெய் விலை ஏறுது, எங்கயோ வட்டி ஏறுது, இங்க எங்க வீட்டு அடுப்பு அணையுது. அந்த நேரத்துல தாங்கிப் பிடிக்கத்தானே உங்கள மாதிரி பேங்க் இருக்கு. ஆனா குடை விரியணும்னா, மழை பெய்யுதுன்னு நான் எழுதணும். நான் போன மாசத்து வெயிலையே எழுதிட்டு இருக்கேன்.

சொல்லாம இருப்பேனா? டைரக்டர் முன்னாடி போய்ப் போய் நின்னேன். கெட்டவரில்ல அவரு. நாமளே விதிய மாத்துனா பணத்துக்காகக் கணக்கைத் திருத்திட்டோம்னு பழி வரும்மா, பேங்க் சொல்லட்டும்னாரு. உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு. துறைலேர்ந்து கேட்டாத்தான் மாத்த முடியும்மான்னுட்டாரு. அவர் இவரக் கைகாட்டுறாரு, இவர் அவரக் கைகாட்டுறாரு. நடுவுல நான் பைத்தியக்காரி மாதிரி அலையறேன்.

ஒப்பந்தத்துல கடைசில ஒண்ணு இருக்கு. பேங்க் அதிகாரி நேர்ல பாத்துட்டு, தட்டுப்பாடு இருக்குன்னு கையெழுத்துப் போட்டா, கோடு ஏறலன்னாலும் பணம் இறங்கும். அந்த அதிகாரி நீங்கதான். ஆனா உங்களுக்கு மீட்டிங் ரூமைத் தவிர யாரும் எதையும் காட்டல. ஏர்போர்ட் போற வழிலதான் அரசாங்க மருந்துக்கடை. ஒரு அஞ்சு நிமிஷம் இறங்குங்க மேடம், உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன். இன்சுலின் வெக்கிற பிரிட்ஜைத் திறந்து பாருங்க. கடைக்காரம்மாவோட சாப்பாட்டு டப்பா இருக்கும். அவ்வளவுதான் இருக்கும். நான் எழுதுற இன்சுலின் விலை மட்டும் மாசக்கணக்கா அசையவே இல்ல.

ஏன் இன்சுலினா? என் வீட்டுக்காரருக்கு அது வேணும். சின்ன வயசுலேர்ந்தே ஊசிலதான் வண்டி ஓடுது. கணக்கு வாத்தியாரு. அந்தக் கோட்டைப் பாத்துட்டு, என்னடி இது படுத்தே கெடக்கு, எழுப்பி விடுடீன்னு சிரிப்பாரு. மருந்து தீரப் போகுதுன்னு எங்கிட்டச் சொல்லாம அளவைக் குறைச்சுக் குறைச்சுப் போட்டிருக்காரு. வெள்ளிக்கிழமை வகுப்புலயே மயங்கிட்டாரு. பெரியாஸ்பத்திரில சேத்தோம். அங்கயும் மருந்து இல்ல.

ஒரு நிமிஷம் மேடம், போன் அடிக்குது. சொல்லுங்க அத்தை. ம். அப்படியேதான் இருக்காரு. நேத்து எப்படி இருந்தாரோ அப்படியேதான். இல்ல அத்தை, இப்பப் பேச முடியாது, தூங்குறாரு. நீங்க சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடுங்க. மத்தியானம் நானே வர்றேன். வெச்சிடுறேன்.

மாமியாரு. கண்ணு சரியாத் தெரியாது, எந்திரிச்சு நடக்க முடியாது. மகனைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

எதுக்கு மேடம் பையத் திறக்குறீங்க? அய்யோ, இன்சுலின் பாட்டிலா? உங்களுக்கும் சர்க்கரையா? சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். இதுக்காக வரல. உள்ள வைங்க, பிரயாணம் பண்றவங்க நீங்க. கூச்சமெல்லாம் இல்ல, நெஜமாவே வேணாம். ரெண்டு இருக்கா? அப்ப ஒண்ணை ஆஸ்பத்திரில குடுத்துட்டுப் போங்க. அவருக்கு அடுத்த கட்டில்ல ஒரு பொண்ணு கெடக்கா, ஸ்கூல் யூனிஃபார்மைக்கூட இன்னும் மாத்தல. ஆனா அந்த ஒரு பாட்டில் அவ ஒருத்திக்குத்தான் ஆகும். உங்க கையெழுத்து எல்லாருக்கும் ஆகும்.

அவருக்கா? அவருக்கு இனிமே வேணாம் மேடம். விடியக்காலைல போயிட்டாரு. உடம்பைத் தர பத்து மணிக்கு மேல ஆகும்னாங்க. அதுக்குள்ள நீங்க கிளம்பிடுவீங்களேன்னு நேரா இங்க வந்துட்டேன். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கேட்டதும் நேத்துச் சொன்னதே வாய்ல வந்துடுச்சு. இத்தனை வருஷமா அதானே மேடம் என் வேலை, ஆள் இல்லன்னா போன தடவை எழுதுனதையே எழுதுறது.

கார் வந்துடுச்சு பாருங்க. பெட்டியக் குடுங்க.